குறைந்த விலை எங்களுடையது, டெண்டர் வேறொருவருக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, சிங்கப்பூர் அரசாங்க டெண்டர் பற்றியவை. நான்கையும் ஒரே இதழில் எடுத்துக்கொள்கிறேன். வாடகை வீடு, மத்திய சேமநிதி பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். நான் 26 ஆண்டுகள் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டெண்டர் போட்டவர்களின் தாள்களைப் படித்து மதிப்பெண் போட்ட கை இது. அதனால் மேசையின் மறுபக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, வணக்கம். காக்கி புக்கிட்டில் சிறிய ஏர்கான் சர்விஸ் கம்பெனி நடத்துகிறேன். என்னையும் என் தம்பியையும் சேர்த்து எட்டுப் பேர். ஓர் ஆணைபெற்ற கழகத்தின் (சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசாங்க அமைப்பு) மூன்று கட்டடங்களுக்கு இரண்டு வருட ஏர்கான் பராமரிப்பு வேலை, அரசாங்கக் கொள்முதல் இணையத்தளமான ஜீபிஸில் வந்தது. நாங்கள் 218,400 வெள்ளி போட்டோம். ஐந்து கம்பெனிகளில் எங்கள் விலைதான் குறைவு. ஆனால் 247,000 வெள்ளி கேட்ட கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்களுக்கு வந்தது இரண்டு வரி மின்னஞ்சல். 28,600 வெள்ளி அதிகம் கொடுப்பது பொதுமக்கள் பணத்தை வீணடிப்பது இல்லையா? இதை எதிர்த்துக் கேட்க வழி உண்டா? கேட்டால் அடுத்த டெண்டரிலிருந்து எங்கள் பெயரையே எடுத்துவிடுவார்கள் என்று மனைவி பயப்படுகிறாள். டெண்டர் தாள்களையும் நாங்கள் போட்டதையும் இணைத்திருக்கிறேன். (வாசகர், காக்கி புக்கிட்)

பதில்: தம்பி, முதலில் உங்கள் மனைவிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பயம்தான் நம்மவர்கள் பலரையும் வாயைத் திறக்கவிடாமல் வைத்திருக்கிறது. அரசாங்கத்தோடு வியாபாரம் செய்யக்கூடாது என்று ஒரு கம்பெனியைத் தள்ளிவைப்பதற்கு நிதி அமைச்சின் கீழ் தனியாக ஒரு நிலைக்குழு இருக்கிறது. லஞ்சம் கொடுத்தது, பொய்த் தகவல் தந்தது, வேலையைப் பாதியில் விட்டுப் போனது, டெண்டர் முடிந்தபின் காரணமில்லாமல் பின்வாங்கியது போன்றவற்றுக்காகத்தான் அங்கே ஒரு கம்பெனியின் பெயர் போகும். ‘எங்களை ஏன் எடுக்கவில்லை?’ என்று மரியாதையாகக் கேட்டு எழுதியது அந்தப் பட்டியலில் கிடையாது. தவிர, மதிப்பெண் போடும் குழு வேறு, அதைப் பார்த்து ஒப்புதல் தரும் குழு வேறு. ஓர் அதிகாரி மனத்தில் வைத்துக்கொண்டு உங்களைத் தனியாக ஒதுக்கிவிட முடியாதபடிதான் அந்த ஏற்பாடு. நான் இருந்த 26 ஆண்டுகளில் விளக்கம் கேட்டு எழுதியதற்காக ஒரு கம்பெனியின் மதிப்பெண் குறைந்ததை நான் பார்த்ததில்லை.

சரி, விலைக்கு வருவோம். விலை குறைவாக இருந்தும் கொடுக்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சண்டை போட முடியாது. மிகக் குறைந்த விலையை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று டெண்டர் நிபந்தனைகளிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் தாள்களிலும் அந்த வரி இருக்கிறது. அரசாங்கக் கொள்முதலில் நியாயம், வெளிப்படையான போட்டி, கொடுக்கும் பணத்துக்கு ஏற்ற மதிப்பு என்று மூன்று கொள்கைகள் சொல்வார்கள். மூன்றாவதுக்கு அர்த்தம், விலையையும் தரத்தையும் சேர்த்துப் பார்ப்பது. ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு. டெண்டர் தாளில் எப்படி மதிப்பிடுவோம் என்று எழுதினார்களோ, அப்படியே மதிப்பிட்டார்களா? வழக்குக்குப் போனாலும் காப்பிக்கடையில் உட்கார்ந்து பேசினாலும் வலுவுள்ள கேள்வி இது ஒன்றுதான்.

உங்கள் டெண்டரில் விலைக்கு 50 மதிப்பெண், ஆள்பலத்துக்கு 20, முன் அனுபவத்துக்கு 20, அவசர அழைப்புக்கு வரும் நேரத்துக்கு 10. விலை மதிப்பெண்ணுக்கு அவர்கள் கொடுத்திருக்கும் கணக்கு பல டெண்டர்களில் வருகிற கணக்குதான்: ஆகக் குறைந்த விலையை ஒருவர் கேட்ட விலையால் வகுத்து, 50ஆல் பெருக்க வேண்டும். உங்களுக்கு 50க்கு 50. வென்றவருக்கு 218,400ஐ 247,000ஆல் வகுத்து 50ஆல் பெருக்கினால் 44.2. வித்தியாசம் 5.8. அதாவது மற்ற மூன்றிலும் சேர்த்து அவர்கள் உங்களைவிட 5.8க்கு மேல் வாங்கியிருந்தால் போதும், 28,600 வெள்ளி வித்தியாசம் அடிபட்டுப் போய்விடும். நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து லாபத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்ட விலைக்கு அந்தத் தாளில் இருக்கும் எடை அவ்வளவுதான். இதை டெண்டர் போடுவதற்கு முன்பே ஒரு கால்குலேட்டரை வைத்துப் பார்த்திருக்கலாம். இனி ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இப்போது உங்கள் தாள்கள். இரண்டு முறை படித்தேன். ஆள்பலம் நன்றாக இருக்கிறது; எட்டுப் பேரின் சான்றிதழும் வரிசையாக, பெயர் போட்டு இணைத்திருக்கிறீர்கள். முன் அனுபவத்தில் நான்கு கொண்டோமினியம் எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்த மதிப்பு என்ற கட்டம் நான்கிலும் காலி. ஒரு பரிந்துரைக் கடிதம்கூட இல்லை. அவசர அழைப்பு வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்று கேட்ட கட்டத்தில் நீங்கள் எழுதியிருப்பது, ‘கூடிய விரைவில்’. தம்பி, இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் வேனை எடுத்துக்கொண்டு போவோம் என்று உங்கள் கடிதத்தில் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை அவர்களுக்கு அல்லவா எழுதியிருக்க வேண்டும்! இரண்டு மணி நேரம் என்று எழுதியவருக்கு மதிப்பெண் போடலாம், நான்கு மணி நேரம் என்று எழுதியவருக்கும் போடலாம். ‘கூடிய விரைவில்’ என்பதற்கு எந்த அதிகாரியாலும் எண் போட முடியாது.

ஆகவே மதிப்பெண் எங்கே போயிருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரிகிறது. இருந்தாலும் கேளுங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஓர் அலுவலகத்தில் நான் இருந்தபோது, புல்வெட்டி மரம் பராமரிக்கும் டெண்டர் ஒன்று முடிந்து, கொடுத்தும் ஆகிவிட்டது. நான்கு நாள் கழித்து, தோற்றுப்போன ஒரு கம்பெனியிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. கோபம் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. ஒரே கேள்வி: ‘ஆள்பலத்துக்கு நாங்கள் 11 சான்றிதழ்கள் ஏற்றியிருந்தோம். அவற்றைப் பார்த்த பிறகுதான் மதிப்பெண் போட்டீர்களா?’ மதிப்பெண் தாளை எடுத்துப் பார்த்தேன். ஆள்பலத்துக்கு 20க்கு 4 போட்டிருந்தது. குழுவில் இருந்த மூன்று பேரும் அச்செடுத்த தாள்களை வைத்துத்தான் படித்தோம். அந்தக் கட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். சான்றிதழ் ஒன்றுகூட இல்லை. கணினியில் போய்ப் பார்த்தால், அவர்கள் ஏற்றிய கோப்புகளில் ஏழாவது, சுருக்கிக் கட்டிய (ஜிப்) கோப்பு. அச்செடுத்த பிள்ளை அதைத் திறக்கவே இல்லை. பதினொன்றும் அதற்குள் இருந்தன.

மேலதிகாரியிடம் அன்றே சொன்னேன். மூன்று பேரும் மறுபடி உட்கார்ந்து மதிப்பெண் போட்டோம். 4 என்பது 15 ஆனது. மொத்தத்தில் அந்தக் கம்பெனி நான்காம் இடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு வந்தது. முதலிடத்துக்கும் அதற்கும் இரண்டு மதிப்பெண்கூட வித்தியாசம் இல்லை. வரிசையில் முதல் பெயர் மாறாததால் ஒப்பந்தம் அப்படியே நின்றது. நடந்ததை ஒளிக்காமல் அவர்களுக்கு எழுதினோம். ஆனால் அந்த இரண்டு மதிப்பெண் மறுபக்கம் விழுந்திருந்தால் என்ன செய்திருப்போம்? ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, வேலையும் தொடங்கியாயிற்று. அன்று இரவு நான் தூங்கவில்லை. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, ஏற்றப்பட்ட கோப்பு எத்தனை, அச்செடுத்தது எத்தனை என்று இன்னொருவரை எண்ணவைக்காமல் ஒரு டெண்டரைக்கூட நான் குழுவுக்கு அனுப்பியதில்லை. அந்தக் கடிதம் வராமல் இருந்திருந்தால் எங்களுக்கு அது தெரிந்தே இருக்காது.

அதனால் இந்த வாரமே எழுதுங்கள். அந்த இரண்டு வரி மின்னஞ்சலில் பெயர் போட்டிருக்கும் அதிகாரிக்கு, ஆங்கிலத்தில், ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல். டெண்டர் எண்ணை முதல் வரியில் போடுங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். தாளில் சொன்ன நான்கு அம்சங்களில் எங்கள் மதிப்பெண் தனித்தனியாக எவ்வளவு? எந்த அம்சத்தில், என்ன காரணத்தால் குறைந்தது? தேர்வான கம்பெனியின் டெண்டர் எங்களுடையதைவிட எதில் மேலாக இருந்தது? முடிந்தால் நேரில் பார்த்து விளக்கம் தரும்படியும் கேளுங்கள். மற்றவருடைய விலைப் பிரிப்பையோ வேலைத் திட்டத்தையோ கேட்காதீர்கள்; அது அவர்களுடைய வியாபார ரகசியம், தரமாட்டார்கள், தரவும் கூடாது. ‘அநியாயம்’, ‘உள்ளுக்குள் ஏதோ நடந்திருக்கிறது’ போன்ற சொற்கள் வேண்டாம். அப்படி ஒரு சொல் இருந்தால் கடிதம் உடனே சட்டப் பிரிவுக்குப் போய்விடும். அப்புறம் உங்களுக்கு வரும் பதில் இன்னும் இரண்டு வரியாகத்தான் இருக்கும்.

இது சலுகை கேட்பது என்று நினைக்க வேண்டாம். உலக வர்த்தக நிறுவனத்தின் அரசாங்கக் கொள்முதல் உடன்பாட்டில் சிங்கப்பூர் 1997லேயே சேர்ந்தது. அந்த உடன்பாட்டுக்குள் வரும் டெண்டர்களில், தோற்றவர் கேட்டால், அவரை எடுக்காத காரணத்தையும் வென்றவருடைய டெண்டர் எதில் மேலானது என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். அதற்கு வெளியே இருக்கும் சிறிய டெண்டர்களிலும் கேட்டால் பல அலுவலகங்கள் விளக்கம் தருகின்றன. என் கருத்தைக் கேட்டால், தோற்ற ஒவ்வொருவருக்கும் அவருடைய மதிப்பெண்ணைக் கேட்காமலே அனுப்பிவிட வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் திருத்திய விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கிறோம். மூன்று வாரம் உழைத்துத் தாள் தயாரித்தவருக்கு இரண்டு வரி போதாது. இதை நான் வேலையில் இருந்தபோதும் கூட்டங்களில் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

வழக்கு என்று கேட்டதற்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த உடன்பாட்டுக்காக இங்கே அரசாங்கக் கொள்முதல் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் ஒரு தீர்ப்பாயமும் இருக்கிறது. டெண்டர் விதி மீறப்பட்டது என்று அங்கே போகலாம். ஆனால் வாசல் குறுகலானது. முதலாவது, டெண்டரின் மதிப்பு ஒரு வரம்புக்கு மேல் இருக்க வேண்டும். அமைச்சுகள் வாங்கும் பொருள், சேவைகளுக்கு அது 130,000 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் ஏறத்தாழ 230,000 வெள்ளி வரும். ஆணைபெற்ற கழகங்களுக்கு வரம்பு அதைவிட அதிகம். கட்டுமான வேலைக்கு 50 லட்சம் எஸ்டிஆர். உங்களுடையது கழகத்தின் டெண்டர் என்பதால் உள்ளே வராது என்றே நினைக்கிறேன். இரண்டாவது, நாள். எந்தச் சம்பவத்தை எதிர்க்கிறீர்களோ அது நடந்ததிலிருந்து 15 நாளுக்குள் போக வேண்டும். உங்களுக்கு மின்னஞ்சல் வந்த தேதிக்கும் எனக்கு நீங்கள் எழுதிய தேதிக்கும் நடுவில் 22 நாள். பெரிய டெண்டராக இருந்திருந்தாலும் கதவு மூடியிருக்கும். மனசு ஆறட்டும் என்று காத்திருப்பதற்கு இதில் நேரம் இல்லை. பெரிய டெண்டர் போடுகிற வாசகர்கள், தோற்ற செய்தி வந்த அன்றே நாட்காட்டியில் 15ஆம் நாளை வட்டம் போட்டுவிட்டு, அதற்குள் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வு என்று ஒரு வழி இருக்கிறது. முடிவை ரத்து செய்யச் சொல்லிப் போவதானால் மூன்று மாதத்துக்குள், முதலில் அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டும். முடிவு சட்டப்படி, முறைப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்க்கும். ஒருவருக்கு 4 போட்டது சரியா 15 போட்டிருக்க வேண்டுமா என்று உட்கார்ந்து திருத்தாது. இது வெறும் வியாபார ஒப்பந்த விஷயம், பொதுச் சட்டத்துக்குள் வராது என்று மறுதரப்பு வாதாடவும் செய்யும். 218,400 வெள்ளி வேலைக்கு, அதில் உங்களுக்கு மிஞ்சக்கூடிய லாபத்துக்கு, இந்த வழி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எழுதிக் கேட்டும் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் டெண்டர் தாளில் இருப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது என்றால், அந்தக் கழகத்தின் சேவைத் தர மேலாளருக்கு எழுதுங்கள், பிறகு நிதி அமைச்சுக்கு. பதில் வந்ததும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.

கேள்வி: அலுவலகத் தளவாடங்கள் சப்ளை செய்கிறேன். இப்போது திறந்திருக்கும் ஒரு டெண்டரில் நாற்காலியின் அகலம் 673 மில்லிமீட்டர், சாயும் கோணம் இவ்வளவு என்று போட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பிராண்டின் கேட்டலாக்கில்தான் அப்படியே அந்த எண்கள் இருக்கின்றன. முடிய இன்னும் ஆறு நாள். போட்டுப் பார்த்துவிட்டு, தோற்றால் எதிர்க்கலாமா? (வாசகி, ஈசூன்)

பதில்: காத்திருக்காதீர்கள் அம்மா. இன்றைக்கே கேளுங்கள். டெண்டர் திறந்திருக்கும்போது கேட்கும் கேள்விக்கு இருக்கும் பலம், முடிந்தபின் கேட்பதற்கு இல்லை. திறந்திருக்கும்போது அதிகாரியால் ஒரு திருத்த அறிவிப்புப் போட்டு எல்லாருக்கும் பொதுவாக மாற்றிவிட முடியும். முடிந்துவிட்டால் மாற்றுவதற்கு அவருக்கும் வழி இல்லை. மொத்த டெண்டரையும் ரத்து செய்துவிட்டு மறுபடி அழைக்க வேண்டும். தவிர, உங்கள் புகாரே விவரக்குறிப்பைப் பற்றியது என்றால், நான் மேலே சொன்ன அந்த 15 நாள் விவரக்குறிப்பு வெளியான நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிட்டது என்று மறுதரப்பு வாதாட இடம் இருக்கிறது.

நான் சொன்ன அதே உடன்பாட்டில் இதற்கும் விதி உண்டு. ஒரு குறிப்பிட்ட பிராண்டைக் கேட்கும்படியாக விவரக்குறிப்பு எழுதக்கூடாது. வேறு வழியே இல்லாமல் பிராண்டைச் சொல்ல வேண்டிவந்தால், ‘அல்லது அதற்கு இணையானது’ என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். 673 என்று போட்டவர் கெட்ட எண்ணத்தில்தான் போட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். விவரக்குறிப்பு எழுதுவது பெரும்பாலும் நாற்காலியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஓர் இளம் அதிகாரி. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் நாற்காலி எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, அதன் கேட்டலாக்கை எடுத்து அப்படியே தட்டச்சு செய்துவிடுவார். நானே முதல் இரண்டு வருடம் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரு சப்ளையர் போன் செய்து, ‘மேடம், மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் உட்கார முடியாதா?’ என்று கேட்ட பிறகுதான் புரிந்தது. ஆகவே குற்றம் சொல்லாமல், அவருக்கு வேலையை எளிதாக்கிக் கொடுங்கள். ‘அகலம் 650 முதல் 700 மில்லிமீட்டர் வரை ஏற்பீர்களா? இந்தத் தரச் சோதனையில் தேறிய நாற்காலி போதுமா?’ என்று நீங்களே மாற்று வாசகத்தை எழுதி அனுப்புங்கள். டெண்டரில் போட்டிருக்கும் தொடர்பு முகவரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. பதில் எல்லாருக்கும் பொதுவாகத்தான் வரும், உங்கள் போட்டியாளரும் அதைப் படிப்பார். பரவாயில்லை.

கேள்வி: நாங்கள் தோற்ற ஒரு கொட்டேஷனில், வென்ற கம்பெனியின் இயக்குநரும் அந்த அலுவலக அதிகாரியும் பழைய நண்பர்கள் என்று கேள்விப்பட்டேன். இருவரும் சேர்ந்திருக்கும் படம்கூட ஃபேஸ்புக்கில் இருக்கிறது. லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவுக்குப் போகலாமா, அல்லது இதற்கெல்லாம் யார் காது கொடுப்பார்கள்? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: காது கொடுப்பார்கள். 2012இல் தேசியப் பூங்காக் கழகம் 26 பிராம்ப்டன் மடக்கு மிதிவண்டிகளை, ஒன்று 2,200 வெள்ளி என்று வாங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மொத்தம் 57,200 வெள்ளி. விலை போட்டது ஒரே ஒரு கம்பெனி. பொதுமக்கள்தான் முதலில் கேள்வி கேட்டார்கள். வாங்கியது சரிதான் என்று தொடக்கத்தில் விளக்கம் வந்தது. பிறகு உள்கணக்காய்வு நடந்து, விஷயம் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவுக்குப் போனது. வாங்கிய அதிகாரி, அந்தக் கம்பெனி இயக்குநரோடு தனக்கு இருந்த பழக்கத்தைப் பற்றிக் கணக்காய்வாளர்களிடம் பொய் சொன்னதற்காக 2014இல் குற்றவாளி என்று தீர்ப்பானார். 5,000 வெள்ளி அபராதம்.

அதில் கவனிக்க வேண்டியதைப் பாருங்கள். தண்டனை கிடைத்தது பொய் சொன்னதற்கு. தெரிந்தவராக இருப்பது மட்டுமே குற்றம் ஆகிவிடாது. சிங்கப்பூர் சின்ன ஊர். ஏர்கான் தொழிலிலும் துப்புரவுத் தொழிலிலும் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். என் கணவரின் சித்தப்பா மகன் ஒரு முறை எங்கள் அலுவலகத்துக்கு விலை போட்டிருந்தார். பெயரைப் பார்த்ததும் எழுதிக் கொடுத்துவிட்டு நான் குழுவிலிருந்து விலகினேன். அப்படித்தான் செய்ய வேண்டும் என்பது விதி. மதிப்பீடு செய்பவர் தனக்கு இருக்கும் உறவையோ நட்பையோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த அதிகாரி சொன்னாரா, விலகினாரா என்பது வெளியிலிருந்து நமக்குத் தெரியாது.

ஆகவே இரண்டு வழிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பணமோ பொருளோ கைமாறியதாக உங்களுக்கே நேரடியாகத் தெரிந்த ஏதாவது இருந்தால், புலனாய்வுப் பிரிவுக்குப் போங்கள். அரசாங்க ஒப்பந்தம் சம்பந்தப்பட்ட லஞ்சம் என்றால் தண்டனை சாதாரண லஞ்சத்தைவிடக் கடுமை; ஏழு ஆண்டுகள் வரை சிறை, 100,000 வெள்ளி வரை அபராதம். படமும் கேள்விப்பட்டதும் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், அந்த அலுவலகத்தின் உள்கணக்காய்வுப் பிரிவுக்கு எழுதுங்கள், அல்லது தலைமைக் கணக்காய்வாளர் அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். பின்தேதியிட்ட தாள், போலி விலைப்புள்ளி போன்ற கொள்முதல் குறைகளை அவர்கள் தங்கள் ஆண்டறிக்கைகளில் வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் டெண்டரை மீட்டுத் தருவது அவர்கள் வேலை இல்லை. ஆனால் சொல்லப்பட்ட இடத்தைப் புரட்டிப் பார்க்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

எதை எழுதினாலும் தெரிந்ததையும் சந்தேகப்படுவதையும் தனித்தனியாக எழுதுங்கள். ‘இந்தத் தேதியில் போடப்பட்ட இந்தப் படத்தில் இந்த இருவரும் இருக்கிறார்கள்’ என்பது தெரிந்தது. ‘ஆகவே இவருக்குக் கொடுத்தார்’ என்பது சந்தேகம். பொய் என்று தெரிந்தே தகவல் கொடுப்பது குற்றம். அந்தப் படத்தை ஃபேஸ்புக்கில் நீங்கள் பகிர்ந்து நான்கு வரி எழுதுவதும் வேண்டாம். அவதூறு வழக்கில் மாட்டிக்கொள்வது நீங்களாக இருக்கும். அந்த அதிகாரிக்கும் குடும்பம் இருக்கிறது, நாம் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.

கேள்வி: பூச்சி ஒழிப்புத் தொழிலில் இருக்கிறேன். தெரிந்த கம்பெனி ஒன்று, ‘இந்த கொட்டேஷனுக்கு எங்களைவிட ஆயிரம் வெள்ளி கூடப் போட்டு அனுப்புங்கள் அண்ணே, மூன்று விலை இருந்தால் நல்லது, அடுத்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்’ என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறது. நட்புக்காகச் செய்யலாமா? (வாசகர், செங்காங்)

பதில்: செய்யாதீர்கள். விலையை முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போடுவது போட்டித்தன்மைச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குக் கணக்கிட்டு அபராதம் விதிக்கலாம். அரசாங்க வேலைக்கு மட்டும் என்று இல்லை, தனியார் வேலைக்கும் அப்படித்தான். இந்தச் சட்டத்தின்கீழ் முதன்முதலில் மாட்டியதே உங்கள் தொழில்தான் தம்பி: 2008இல் பூச்சி ஒழிப்புக் கம்பெனிகள் ஆறு, இதே மாதிரி ஒருவருக்கு ஒருவர் விலை போட்டுக் கொடுத்ததற்காக, எல்லாருமாகச் சேர்த்து 262,000 வெள்ளிக்கு மேல் கட்டினார்கள். துணைக்கு விலை போட்டுக் கொடுத்தவர்களும் அதில் இருந்தார்கள்.

காக்கி புக்கிட் தம்பி மாதிரி ஒருவர் இரவு கண்விழித்து உண்மையான விலை போட்டு அனுப்புகிற அதே கொட்டேஷனில்தான் இந்தப் பொய் விலைகளும் வந்து நிற்கும். அதை நினைத்துப் பாருங்கள். நண்பருக்கு எழுத்தில் ஒரே வரி பதில் அனுப்புங்கள்: ‘இப்படி விலை பேசிப் போட மாட்டேன்.’ அந்த வேலைக்கு நீங்களே நேர்மையாக விலை போட விரும்பினால் போடுங்கள், அவருடைய விலையைப் பார்க்காமல். ஏற்கெனவே ஒரு முறை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்றால் (உங்கள் கடிதத்தின் கடைசி வரி அப்படித்தான் எனக்குப் படுகிறது) தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். முதலில் வந்து சொல்பவருக்கு அபராதத்தில் சலுகை தரும் ஏற்பாடு போட்டித்தன்மை ஆணையத்தில் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் செய்திகளை மட்டும் அழித்துவிடாதீர்கள்.